குற்றம் அட்டையிலா, பாதையிலா?

கடந்த மாதம் நான் ஒரு கட்டுரை எழுதினேன். அதனை நீங்கள் வாசித்திருக்க மாட்டீர்கள், ஏனெனில் அது வெளியாகவில்லை. பதுளை நகரில் பழைய கணினிப் பாகங்களை விற்கும் கடைகள் மலையக இளைஞர்களை எவ்வாறு ஏமாற்றுகின்றன என்பதே அதன் பொருள். கடையின் பெயரை நான் குறிப்பிடவில்லை. ஆயினும், பதுளையில் நான்கு நாட்கள் நடமாடிய எவரும் அது எந்தக் கடையெனக் கண்டுகொள்ளும் விதத்தில் எழுதியிருந்தேன். பத்திரிகைத் தொழிலில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்தவனுக்கு அந்த வித்தை தெரியாதா என்ன?

அக்கட்டுரை முற்றிலும் பிழையானது. அது எவ்வாறு பிழையாயிற்று என்பதைச் சொல்வதற்காகவே இந்தப் பதிவு.

சில ஆண்டுகளாக ஊவாத் தோட்டங்களில் வாழும் முதியவர்களின் நினைவுகளை ஒளிப்பதிவு செய்து வருகிறேன். பசறை, மடுல்சீமை, நமுனுகுல, ஹாலிஎல, ஹப்புத்தளை என்று லயன் லயனாகச் சென்று சேர்த்தவை அவை. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் தம்மை நாடற்றவர்களாக்கியதைச் சிறுவயதிற் கேட்டவர்கள் அவர்களிடையே இருக்கிறார்கள். 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் எனக் கணக்குப் பார்த்துப் பிரித்த பின்னர், பதுளைப் புகையிரத நிலையத்தில் அண்ணனையும் தங்கையையும் வழியனுப்பிவிட்டு வெறுங்கையோடு லயத்துக்குத் திரும்பியவர்களும் இருக்கிறார்கள். பதிவு செய்தவர்களுட் சிலர் இப்போது உயிருடன் இல்லை. எஞ்சியோர் பார்த்துவிட்டுக் கண்மூட வேண்டும் என்பது என் அவசரம்.

இந்தப் பதிவுகளைத் தொகுப்பதற்கு எனது பழைய கணினி போதவில்லை. தகவல் தொழில்நுட்பம் படித்த அக்காவின் மகன் எனக்குத் துணை. அவனே செயலி, தாய்ப்பலகை முதலியவற்றைத் தேடி வாங்கி ஒரு கணினியைப் பொருத்தினான். குறையாக இருந்தது கிராபிக்ஸ் அட்டை ஒன்றுதான். புதியது வாங்க வசதியில்லை. 2022இல் டொலரின் பெறுமதி ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரை பாய்ந்த நாள் முதல், நம்மைப் போன்றோருக்குப் பழைய பொருட் சந்தையே கதி. ஆகவே பதுளையில் ஒரு சிறிய கடையில், பாவித்த அட்டை ஒன்றை வாங்கினோம்.

வேலை தொடங்கியது. ஆனால் படம் தடுக்கித் தடுக்கியே ஓடியது. மருமகன் ஜிபியு-இசட் என்னும் சிறு மென்பொருளைத் திறந்து பார்த்தான். அட்டையின் திறன் 16 தடம், பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 என்று அது காட்டியது. அதற்குப் பக்கத்திலேயே, இப்போது ஓடுவது 4 தடம், 1.1 என்றும் காட்டியது.

“மாமா, கடக்காரரு நம்மள நல்லா ஏமாத்திட்டாரு. இது மைனிங்ல போட்டு அடிச்ச கார்ட்” என்றான்.

அவனது சந்தேகத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. 2022 செப்டெம்பர் 15 அன்று எத்தீரியம் என்னும் மின்னியல் நாணயம் தனது முறையை மாற்றிக்கொண்டது. அதுவரை அதனை ‘அகழ்ந்தெடுக்க’ இரவு பகலாக உழைத்த கிராபிக்ஸ் அட்டைகள் ஒரே நாளில் வேலையிழந்து, உலகெங்கும் பழைய பொருட் சந்தைக்கு வந்தன. அகழ்வுக்கென்றே தனியாக உருவாக்கப்பட்ட சில அட்டைகளில் உற்பத்தியாளரே இணைப்பின் வேகத்தைக் குறைத்து வைத்திருந்ததும் உண்மை. இவ்வளவையும் கேட்டறிந்த நான் அன்றிரவே எழுத உட்கார்ந்தேன். கோபத்தில் எழுதும்போது வசனங்கள் தாமாகவே வந்து விழும் என்பதை எழுதுவோர் அறிவர். அன்றும் விழுந்தன.

நிற்க. இந்த ‘தடம்’ என்பது என்ன என்பதை வாசகர்களுக்குச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும்.

கிராபிக்ஸ் அட்டைக்கும் கணினியின் மற்றப் பாகங்களுக்கும் இடையே தரவு செல்லும் வீதியே பிசிஐ எக்ஸ்பிரஸ். வீதியின் பயனை இரண்டு விடயங்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று, எத்தனை தடங்கள் உள்ளன என்பது. மற்றது, ஒவ்வொரு தடத்திலும் எவ்வளவு வேகம் என்பது. முதல் தலைமுறையில் ஒரு தடம் செக்கனுக்கு 2.5 ஜிகா பரிமாற்றங்களைச் செய்தது. இரண்டாவதில் 5, மூன்றாவதில் 8, நான்காவதில் 16 என அது உயர்ந்தது. முதலிரு தலைமுறைகளிலும் 8 பிட் தரவை அனுப்ப 10 பிட் செலவாகும். மூன்றாவதிலிருந்து 128 பிட்டுக்கு 130 பிட் மட்டுமே. ஆகவே 16 தடமுள்ள மூன்றாம் தலைமுறை இணைப்பில், ஒரு திசையில் செக்கனுக்கு ஏறத்தாழ 15.75 கிகாபைட் செல்லலாம்.

இந்த வீதியின் அகலமும் வேகமும் அட்டையின் பெட்டியில் அச்சிட்டபடி அமைந்துவிடுவதில்லை. கணினியை இயக்கும் ஒவ்வொரு முறையும் இரு முனைகளும் தமக்குள் பேசி, இருவராலும் இயலக்கூடிய உச்ச அளவுக்கு உடன்படுகின்றன. ஒரு முனை 8 தடம் மட்டுமே அறியுமாயின் மறு முனை 16 அறிந்தும் பயனில்லை. ஒரு தடத்தின் தொடுகை பழுதுபட்டால், 8, 4, 1 என்று இறங்கி ஏதோ ஓர் அளவில் ஓடத் தொடங்கும். முறைப்பாடு எதுவும் எழுப்பாது. திரையிற் படம் தெரியும், வேலையும் நடக்கும். பார்ப்பவருக்கு அட்டை மந்தமானது என்று மட்டுமே தோன்றும்.

கட்டுரையை அனுப்புவதற்கு முன், பழைய வழக்கத்தின்படி ‘மறுதரப்பைக் கேட்டோமா’ என்று ஒரு கேள்வி மனதில் எழுந்தது. கேட்கவில்லை. கடைக்காரரிடம் போவதற்கு முன் நாமே ஒருமுறை சோதிப்போம் என்று மருமகனை இருத்தினேன்.

முதலாவதாக அந்த 1.1 என்ற எண்ணைப் பார்த்தோம். அட்டைக்கு வேலை இல்லாதபோது மின்சாரத்தை மிச்சப்படுத்த இணைப்பு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்று அறிந்தோம். அதே மென்பொருளில் ஒரு கேள்விக்குறிப் பொத்தான் உண்டு. அதனை அழுத்தினால் அட்டைக்குச் சிறிது வேலை கொடுக்கும். கொடுத்தோம். 1.1 என்பது 2.0 ஆயிற்று. பாதிக் குற்றச்சாட்டு அங்கேயே விழுந்தது. தூங்குபவனின் நடைவேகத்தை அளந்துவிட்டு அவனைச் சோம்பேறி என்று எழுதியிருந்தேன்.

ஆனால் 3.0 ஏன் வரவில்லை? தடங்கள் ஏன் நான்கிலேயே நிற்கின்றன? வேகம் வேலைக்கேற்ப ஏறி இறங்கும், அகலம் பெரும்பாலும் அவ்வாறு மாறுவதில்லை. ஆகவே இது உண்மையான குறைதான்.

இரண்டாவதாகத் தாய்ப்பலகையின் கைநூலைத் திறந்தோம். வாங்கிய நாளிலிருந்து உறை பிரிக்கப்படாமல் இருந்த கைநூல் அது. பலகையில் நீளமான செருகுவாய்கள் இரண்டு இருந்தன. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. மேலுள்ளது செயலியோடு நேரடியாகத் தொடர்புடையது. கீழுள்ளது நீளத்தில் 16 தடத்துக்குரியதாயினும், உள்ளே 4 தடங்களுக்கு மட்டுமே கம்பி இழுக்கப்பட்டிருந்தது. அந்த நான்கும் பலகையின் துணைச் சில்லு வழியாக, இரண்டாம் தலைமுறை வேகத்தில் செல்வன. செயலியின் சூடும் அட்டையின் சூடும் ஒன்றையொன்று தாக்கக்கூடாது என்று நல்லெண்ணத்தோடு மருமகன் அட்டையைக் கீழே செருகியிருந்தான். 15.75 கிகாபைட் போகவேண்டிய இடத்தில் 2 கிகாபைட்தான் போயிருக்கிறது. எட்டில் ஒரு பங்கு!

மின்னிணைப்பைத் துண்டித்து அட்டையைக் கழற்றினோம். தங்கநிறத் தொடுகைகளின்மேல் மங்கலாக ஒரு படலம் படிந்திருந்தது. பனிமூட்டம் வீட்டுக்குள் வந்து குடியிருக்கும் எங்கள் ஊரில் அது புதுமையன்று. ஐசோபுரொப்பைல் மதுசாரத்தால் துடைத்து, உலரவிட்டு, மேற்செருகுவாயில் பூட்டு ‘டிக்’ என்று விழும்வரை அழுத்தினோம். இயக்கிப் பார்த்தபோது வேகம் 3.0. ஆனால் தடம் 16 அல்ல, 8.

“அப்ப கார்ட்லயும் கோளாறு இருக்கு மாமா” என்றான் மருமகன், சற்று நிம்மதியோடு. குற்றவாளியை முற்றாக இழந்துவிட அவனுக்கும் மனமில்லை. எனக்கும் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மீண்டும் கழற்றித் துடைத்தோம். மீண்டும் 8. அப்போதுதான் கைநூலின் அதே பக்கத்தில், அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரியைக் கண்டோம். உள்ளேயே காட்சிப் பகுதி அடங்கிய வகைச் செயலியைப் பொருத்தினால், மேற்செருகுவாய்க்கு 8 தடங்களே கிடைக்கும் என்றிருந்தது. எங்கள் செயலி அந்த வகையைச் சேர்ந்தது. விலை மலிவாக இருந்ததால் நாங்களாகவே தேடித் தெரிந்தெடுத்தது.

ஆக, குற்றங்கள் மூன்று. தூங்கும்போது அளந்தது ஒன்று. தவறான வாயிற் செருகியது இரண்டு. செயலியின் எல்லையை அறியாமல் வாங்கியது மூன்று. மூன்றும் எங்களுடையவை. அட்டையில் ஒரு குறையும் இல்லை. 8 தடத்தில் 3.0 என்பது செக்கனுக்கு ஏறத்தாழ 7.9 கிகாபைட். எங்கள் வேலைக்கு அது தாராளமாகப் போதும். தடுக்கிய படம் சீராக ஓடத் தொடங்கியது.

அடுத்த நாள் அந்தக் கடைக்குப் போனேன். நடந்ததை மறைக்காமற் சொன்னேன். எழுதிய கட்டுரையைப் பற்றியும் சொன்னேன். அந்த இளைஞர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “சேர், வாங்குன அன்னைக்கே கேட்டேனே, என்ன ப்ரொசசர் போட்டிருக்கீங்கன்னு. தம்பி அவசரமா போயிட்டாரு” என்றார். அவரும் மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்தவர்தான். தாயார் கொழுந்து பறித்து ஓய்வுபெற்றபோது கிடைத்த ஊழியர் சேமலாப நிதிப் பணத்தில் கடையைத் தொடங்கியிருக்கிறார். அந்தத் தாயின் கைகளில் முப்பது வருடம் படிந்த கொழுந்துக் கறையை, நான் ஓர் இரவிற் கழுவி ஊற்றவிருந்தேன்.

எண் பொய் சொல்லவில்லை. 4 தடம் என்றது உண்மை. ஆனால் எண் விளைவைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. காரணத்தை நாம்தான் சேர்த்துக்கொள்கிறோம். அப்படிச் சேர்க்கும்போது, நமக்கு எட்டும் தூரத்தில் உள்ள எளியவர் எவரோ அவர்தான் நம் கைக்கு முதலில் அகப்படுகிறார்.

இதனை எனக்கு நானே மறந்துவிட்டேன் என்பதுதான் பெரிய வெட்கம். தொண்ணூறுகளில் நான் பதுளையிலிருந்து கொழும்புக்குச் செய்திகளைத் தொலைநகலில் அனுப்பினேன். தொலைநகல் இயந்திரங்களும் இப்படித்தான். தொடக்கத்தில் கீச்சிட்டுக்கொள்ளும் அந்தச் சத்தம், இரண்டும் வேகம் பேசிக்கொள்ளும் சத்தம். கம்பி நன்றாக இருந்தால் செக்கனுக்கு 9600 பிட். மோசமானால் 4800, 2400 என்று இறங்கிவிடும். மழைநாளில் பதுளைக் கம்பியின் இலட்சணத்தைச் சொல்லத் தேவையில்லை. வரிகள் விழுந்துபோன தாள்களைப் பார்த்த கொழும்பு ஆசிரியபீடம், ‘பதுளை நிருபருக்கு ஒழுங்காக எழுதத் தெரியாது’ என்று தீர்மானித்தது. அந்தப் பெயரைத் துடைக்க எனக்குச் சில வருடங்கள் பிடித்தன. கம்பியின் குற்றத்தைத் தலையிற் சுமந்தவன், இன்று இன்னொருவர் தலையில் அதனை இறக்கி வைக்கப் போனேன்.

எங்கள் புகையிரதப் பாதையைப் பாருங்கள். 1924இல் பதுளைக்கு வந்த பாதை அது. கொழும்பிலிருந்து ஏறத்தாழ 290 கிலோமீற்றர். அதனைக் கடக்க வழமையாக ஒன்பது, பத்து மணித்தியாலங்கள் ஆகும். 44 அடிக்கு ஓர் அடி என்ற ஏற்றம், 5 சங்கிலி ஆரையுள்ள வளைவுகள், பட்டிப்பொலவில் 1,898 மீற்றர் உயரம், தெமோதரையில் தன் நிலையத்துக்குக் கீழேயே சுற்றிச் செல்லும் தண்டவாளம். இத்தனையும் சேர்ந்து அந்த வேகத்தைத் தீர்மானிக்கின்றன. சமவெளியில் ஓடும் இயந்திரத்தையே கொண்டுவந்தாலும் இங்கே அது மலையோடு உடன்பட்டுத்தான் ஆகவேண்டும். 2025 நவம்பரில் டித்வா புயல் மலையகப் பாதையைச் சிதைத்து ஓட்டத்தை நிறுத்தியபோது, இயந்திரம் மோசம் என்று எவரும் சொல்லவில்லை. இரும்பைப் பொறுத்தவரை நமக்கு நியாயம் தெரிகிறது.

மனிதரைப் பொறுத்தவரையில் அது தெரிவதில்லை. பரீட்சை முடிவுகள் வரும் காலத்தில், ‘தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது’ என்ற பேச்சைப் பதுளை நகரத்துக் கடைவாசல்களில் நான் கேட்டிருக்கிறேன். நம்மவர் வாயிலிருந்தே கேட்டிருக்கிறேன். தோட்டப் பாடசாலைகள் அரசின் பொறுப்புக்கு வந்ததே 1970களில்தான். உயர்தரத்தில் கணித, விஞ்ஞானப் பிரிவுகளைத் தமிழில் நடத்தும் பாடசாலைகள் ஊவாவில் இன்றும் மிகச் சில. கொரோனாக் காலத்தில் பாடங்கள் இணையத்துக்குப் போனபோது, மலைப்புறப் பிள்ளைகள் சமிக்ஞை தேடிப் பாறைகளின் உச்சிக்கு ஏறினர். நான்கு தடக் கம்பியை இழுத்துவிட்டு, பதினாறு தட விளைச்சலை எதிர்பார்க்கிறோம். வராதபோது அட்டையை மாற்றச் சொல்கிறோம். பிள்ளைகள் அட்டைகள் அல்லர் என்பதும், மாற்றிவிட இயலாதவர்கள் என்பதும் நினைவிலிருக்க வேண்டும்.

இதனால், எவரையும் எப்போதும் குற்றஞ்சாட்டக்கூடாது என்று நான் சொல்வதாகக் கொள்ள வேண்டாம். ஏமாற்றும் கடைகள் உண்டு. பழுதான அட்டைகளும் உண்டு. நான் கேட்பது வரிசையை மட்டுமே. முதலில் வேலை கொடுத்து அளவுங்கள். வேகம் குறைந்ததா, தடம் குறைந்ததா என்று பிரித்துப் பாருங்கள். கைநூலின் பொடி எழுத்தை வாசியுங்கள், செருகுவாயையும் செயலியையும் சரிபாருங்கள். கழற்றித் துடைத்து மீளச் செருகுங்கள். இடையில் நீட்டிப்புக் கம்பி இருந்தால் அதை நீக்கிப் பாருங்கள். பயோஸில் தலைமுறை குறைத்து வைக்கப்பட்டிருக்கிறதா என்று நோக்குங்கள். இறுதியாக அதே அட்டையை வேறொரு கணினியிற் போட்டுப் பாருங்கள். அங்கும் குறைந்தால் கடைக்காரரிடம் போங்கள், தயங்க வேண்டாம்.

இன்னொன்று. எல்லா அட்டைகளும் 16 தடத்துக்குப் பிறந்தவை அல்ல. ரேடியான் ஆர்எக்ஸ் 6600, ஜிஃபோர்ஸ் ஆர்டிஎக்ஸ் 4060 ஆகியவை 8 தடங்களோடும், 2022இல் வந்த ரேடியான் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி 4 தடங்களோடும் வடிவமைக்கப்பட்டவை. அவற்றில் 16ஐத் தேடி உறக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

அந்தக் கட்டுரையை நான் அழிக்கவில்லை. கணினியில் ஒரு மூலையில் வைத்திருக்கிறேன். எழுதுவதற்கு வசனங்கள் அளவுக்கு மீறி இலகுவாக வந்து விழும் இரவுகளில் அதைத் திறந்து ஒருமுறை வாசிப்பதாக உத்தேசம். மருமகன் இப்போது ஹாலிஎலப் பாட்டியொருவரின் பதிவைத் தொகுத்துக்கொண்டிருக்கிறான். தன் தம்பியைப் பதுளை நிலையத்தில் ரயிலேற்றிய கதையை அவர் சொல்கிறார். இடையில் எங்கும் படம் தடுக்கவில்லை. அவர் குரல் மட்டும் ஓரிடத்தில் தடுக்குகிறது. அதைத் திருத்த வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.